பழைய மொறிஸ் மைனரில் கொயிலுக்கு 12 வோல்ற் வருகிறது, ஆனாலும் பிளக்கில் பொறி பலவீனம். கொயிலை மாற்ற வேண்டுமா?

கொயில் (பிளக்கின் பொறிக்கு வேண்டிய உயர் வோல்ற்றேஜை உண்டாக்குவது) வாங்க முதல், அந்த 12 வோல்ற்றை எப்படி அளந்தீர்கள் என்று பாருங்கள். பொயின்ற் (டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) திறந்திருந்தால் கொயிலில் கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாதபோது வழியில் எவ்வளவு மோசமான இணைப்பு இருந்தாலும் மீற்றர் 12 என்றுதான் காட்டும்.

முன்பக்க ஹான்டிலால் எஞ்சினைச் சுற்றி, பொயின்ற் மூடியதும் நிறுத்திச் சாவியைப் போடுங்கள். மீற்றரின் ஒரு முனை பற்றறியின் நெகற்றிவில், மற்றது கொயிலின் எஸ்.டபிள்யூ (SW, சாவிப் பக்க) முனையில். (மைனர் வந்தபோது பொசிற்றிவ்தான் ஏர்த், அதாவது கார் பொடியோடு இணைந்தது. பிறகு மாற்றியிருந்தால் பற்றறியின் பொசிற்றிவில் வையுங்கள்.) அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ வீணாகிறது. நெடுநேரம் இப்படி விட்டால் கொயில் சூடாகிவிடும், கவனம்.

கொயிலின் தடை சுமார் 3 ஓம். அழுக்கான ஓர் இணைப்பு அரை ஓம் சேர்த்தாலே கொயிலுக்கு 10.3 வோல்ற்தான் மிஞ்சும். பொறியின் சக்தி கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே அதில் கால்பங்குக்கு மேல் போய்விடும்.

பழுப்பு வயர் பற்றறியிலிருந்து சாவிக்கு வருவது, வெள்ளை சாவியிலிருந்து கொயிலுக்குப் போவது. மீற்றரை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே போங்கள். யாழ்ப்பாணத்துக் கார்களில் இதை அவசியம் செய்ய வேண்டும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. கிடைத்த வயரை முறுக்கி, ரேப் சுற்றி அவற்றை ஓடவைத்த மெக்கானிக்மாரை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் உப்புக் காற்றில் அந்த முறுக்குகள் இப்போது உள்ளுக்குள் களிம்பு பிடித்திருக்கும். வெட்டிவிட்டுப் புது வயர் போடுங்கள்.

அடுத்தது மறுபக்கம். பொயின்ற் மூடியபடியே கொயிலின் சி.பி. (CB, பொயின்ற் பக்க) முனைக்கும் கார் பொடிக்கும் இடையில் அளந்தால் 0.2 வோல்ற்றுக்குள் இருக்க வேண்டும். கூடினால் பொயின்ற் முகம் கருகியிருக்கலாம். டிஸ்ரிபியூட்டருக்குள் பொயின்ற் இருக்கும் தகட்டை ஏர்த் பண்ணும் சின்னப் பின்னல் வயரையும் பாருங்கள். தகடு அசைந்து அசைந்து அது உள்ளே அறுந்துபோகும், வெளியில் தெரியாது. எஞ்சின் றபரில் உட்கார்ந்திருப்பதால் எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையிலான ஏர்த் பட்டியும் முக்கியம். ஸ்ராட் பண்ணும்போது சோக் கேபிள் சுடுகிறது என்றால் பிழை அந்தப் பட்டியில்தான்.

இவ்வளவும் சரி, பொயின்ற் இடைவெளியும் 0.015 அங்குலம், ஆனாலும் பொறி மஞ்சளாகவே வருகிறது என்றால் கொண்டென்சரை (பொயின்ற்றில் தீப்பொறி எழாமல் தடுக்கும் சின்ன உருளை) மாற்றிப் பாருங்கள். கொயில் அதற்குப் பிறகுதான்.