ஃபோண்டா ஏழு வருஷத்த வீணாக்கிட்டாரா?

சார் வணக்கம். 'ட்வெல்வ் ஆங்ரி மென்' மறுபடி பாத்தேன். அதுல நடிச்ச ஹாலிவுட் நடிகர் ஹென்ரி ஃபோண்டாவோட பட லிஸ்ட்ட எடுத்துப் பாத்தா 1948ல 'ஃபோர்ட் அபாச்சி', அதுக்கப்புறம் 1955 வரைக்கும் சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்ல. நல்ல மார்க்கெட் இருக்கிறப்ப நாடகம் போடப் போயிட்டாராம். கேரியர இப்படியா வீணாக்குவாங்க? அதோட எப்பவும் நல்லவராவே வர்றாரே, போரடிக்கலையா?
- கே.

அன்புள்ள கே.,

நீங்க ரசிச்ச அந்த நடிப்பே அந்த ஏழு வருஷத்துல ஊறி வந்ததுதாங்க. அவருக்கு மேடைதான் தாய்வீடு. அமெரிக்காவுல ஒமாஹாங்கிற ஊர்ல என்ன செய்யறதுன்னு தெரியாம இருந்த பையன ஊர் நாடகக் குழுவுக்கு இழுத்துட்டு வந்ததே 'காட்ஃபாதர்' நடிகர் மார்லன் பிராண்டோவோட அம்மாதான், நியூயார்க்கோட பெரிய நாடக அரங்குகள் இருக்கிற பிராட்வேல 1934ல நடிச்ச நாடகம்தான் அடுத்த வருஷம் அவருக்கு முதல் படமாவும் ஆச்சு.

1948ல 'மிஸ்டர் ராபர்ட்ஸ்'. சண்டை நடக்கிற பக்கம் போகத் துடிக்கிற சரக்குக் கப்பல் ஆபீசர் வேஷம், ஃபோண்டாவே போர் சமயத்துல நேவில இருந்தவரு, நாடகம் ஆயிரம் ஷோ தாண்டி ஓடுச்சு, நாடகத்துக்குக் குடுக்கிற டோனி விருதும் கெடச்சுது. அதையே படமா எடுக்கிறப்ப வயசாயிடுச்சேன்னு வார்னர் கம்பெனி இழுக்க, இவருதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு டைரக்டர் ஜான் ஃபோர்டு. ஆனா ஷூட்டிங்ல ஃபோர்டு காமெடியக் கூட்டிக்கிட்டே போக, இவரு நாடகத்தக் கெடுக்கிறீங்கன்னு சொல்ல, ஃபோர்டு இவரு மூஞ்சிலயே ஒரு குத்து விட்டாரு! அத்தன வருஷப் பழக்கம் அதோட போச்சு.

1954ல 'கெய்ன் மியூட்டினி கோர்ட் மார்ஷல்', மேடைல வக்கீல் வேஷம். அப்புறம் 1957ல தானே தயாரிப்பாளராவும் சேந்து எடுத்ததுதான் உங்க படம், அதுல அவருக்கு வரவேண்டிய சம்பளம்கூட வரல. ஆரம்பத்துல, கேஸுக்குத் தீர்ப்பு சொல்ற பொதுஜனங்க கூடுற ஜூரி ரூம்ல எல்லாரும் வந்து உக்காருறப்ப இவரு மட்டும் முதுகக் காட்டிக்கிட்டு ஜன்னல் ஓரமா நிப்பாரு, ஜன்னல்கிட்ட நிக்கிறவரேன்னு கூப்பிட்டப்பறம்தான் திரும்புவாரு, கவனிச்சீங்களா? பன்னெண்டு பேர் இருக்கிற ரூம்ல சும்மா நின்னே நம்ம கண்ண இழுக்கிறது மேடைல பழகினவங்களுக்குத்தான் வரும்ங்கிறது என் கட்சி.

நல்லவராவே வர்றாரா? 1968ல வந்த 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்' நீங்க பாக்கல போல. வில்லனாச்சேன்னு மீசையும் பிரவுன் லென்ஸுமா வந்து நின்னவர, ரெண்டையும் எடுங்க, எனக்கு அந்த நீலக் கண்ணுதான் வேணும்னாரு டைரக்டர் செர்ஜியோ லியோனி. குடும்பமே செத்துக் கெடக்க ஒரு சின்னப் பையன் மட்டும் ஓடி வந்து நிக்கிறான், கேமரா பின்னாலேர்ந்து மெதுவா சுத்தி வந்து காட்டுற மூஞ்சி ஃபோண்டாவோடது. கூட இருக்கிறவன் வாய் தவறி பேரச் சொல்லிடறான், அதுக்காகவே அந்தப் பையனையும் சுட்டுடறாரு. இருபது முப்பது வருஷமா நல்லவரா நடிச்சு சேத்து வச்ச பேர அந்த ஒரு சீன்ல மொத்தமா செலவழிச்சிட்டாரு, அதுக்காகவாவது அந்த நல்லவன் வேஷமெல்லாம் தேவைதான்.

எழுபதுகள்லயும் மேடைய விடல. 1974ல ஒரு வக்கீலப் பத்தின 'கிளாரன்ஸ் டாரோ' நாடகத்துல தனியாளா நடிச்சாரு, நடுவுல நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிட்டு திரும்பவும் வந்து நடிச்சாரு. நடிப்புக்கு ஆஸ்கர் கெடச்சது 1982ல, 'ஆன் கோல்டன் பாண்ட்'க்கு, உடம்பு முடியாததால மக ஜேன்தான் போய் வாங்கினாங்க, அதே வருஷம் ஆகஸ்ட்ல போயிட்டாரு. லியோனி படத்த மொதல்ல பாத்துட்டு எழுதுங்க.