களைப்புக்கு ஏன் மரியாதை?

கேள்வி (பரந்தனிலயிருந்து ஒரு தம்பி): அண்ணை, யப்பான் பாஷை படிக்கத் தொடங்கி மூண்டு மாசம். வகுப்பு முடியேக்க எல்லாரும் 'ஒட்சுகரேசமா தெஷ்தா' எண்டுறம். டிக்சனரியில 'ட்சுகரே' எண்டா களைப்பாம். அப்ப 'களைப்பு ஐயா' எண்டோ சொல்லுறம்?

பதில்: சிரிச்சுப்போட்டன் தம்பி, ஆனா நீர் பிரிச்ச விதம் சரி. முன்னால வாற 'ஒ' மரியாதைக்கு, 'சமா'வும் மரியாதைக்கு, நடுவில களைப்பு, 'தெஷ்தா' எண்டது 'தெஸ்' (எங்கட 'ஆகும்' மாதிரி வசனக் கடைசியில வாற சொல்லு) எண்டதின்ர இறந்தகாலம். துண்டு துண்டாப் பாத்தா விசர்க்கதை மாதிரித்தான் கிடக்கும். எங்கட வயலில அருவி வெட்டி முடிச்சு வரம்பில ஏறேக்க 'சரியாக் களைச்சுப் போனியள் என்ன' எண்டு ஒராள் சொல்லுமே, அந்தக் கரிசனைதான் இது, நன்றியும் போயிட்டு வாங்கோவும் அதுக்குள்ளயே வந்திடும். வேலை நடக்கேக்க ஆக்களைக் கண்டா 'தெஸ்', முடிஞ்சாப்பிறகு 'தெஷ்தா'. 'கொகுரோசமா' எண்டும் ஒண்டு இருக்கு, அது பெரியவை தங்களுக்குக் கீழ உள்ளாக்களுக்குச் சொல்லுறது, நீர் மறந்தும் உம்மட சேருக்குச் சொல்லிப்போடாதையும்.