ஆரோகணம் தெரியும், ராகம் பிடிபடவில்லை: கர்நாடக சங்கீதக் கேள்வி பதில்

கேள்வி: ஆரபி, தேவகாந்தாரி ராகங்களுக்கு ஆரோகண அவரோகணம் (ஸ்வரங்கள் ஏறி இறங்கும் வரிசை) ஒன்றுதானாமே? அப்புறம் ஏன் இரண்டு ராகம்?

பதில்: ஆமாம். ஏறும்போது ஸரிமபதஸ, இறங்கும்போது ஸநிதபமகரிஸ, இரண்டுக்கும் அதேதான். எழுதிவைத்தால் வித்தியாசமே தெரியாது, வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். ஆரபி துள்ளி நடக்கிற ராகம். அதில் காந்தாரம் (க) மத்யமத்தோடும் (ம), நிஷாதம் (நி) ஷட்ஜத்தோடும் (ஸ) ஒட்டிக்கொண்டு, பட்டும் படாமலும் வந்து போகும். தேவகாந்தாரிக்கு அவசரமே கிடையாது. ரிஷபத்தில் (ரி) நீளமாக அசைந்து, கார்வை கொடுத்து, அதாவது ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து, நிதானமாக இறங்கும். ஆரபியைக் கொஞ்சம் இழுத்துப் பாடினால் போதும், தேவகாந்தாரி வாடை அடிக்கும். என் குருநாதர் இரண்டையும் ஒரே மாதத்தில் தொடவே விடமாட்டார்.

கேள்வி: கீபோர்டில் தோடி ராகம் வாசித்தால் தோடி மாதிரியே இல்லையே, ஐயா?

பதில்: கீபோர்டு மேல் தப்பில்லை. தோடியின் காந்தாரம் பெரும்பாலும் ஓர் இடத்தில் நிற்கவே நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடும். அந்த ஆட்டத்துக்குத்தான் காந்தாரம் என்று பெயர். கட்டையை அழுத்தினால் நின்ற ஸ்வரம்தானே வரும்? சுருதி போட்டுக்கொண்டு, வாயில் 'க' என்று மட்டும் சொல்லி, குரலை மெதுவாக அந்த இரண்டுக்கும் இடையில் அசைத்துப் பாருங்கள். முதல் வாரம் ஆடு கத்துவது போல இருக்கும். பரவாயில்லை.

கேள்வி: 72 மேளகர்த்தாவும் (தாய் ராகங்களும்) மனப்பாடம் வேண்டுமா?

பதில்: வேண்டாம். எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறை தெரிந்தால், பெயரின் முதல் இரண்டு எழுத்தே மேளத்தின் எண்ணைச் சொல்லும். மேசகல்யாணியில் ம ஐந்து, ச ஆறு; திருப்பிப் போட்டால் 65.

கேள்வி: கச்சேரியில் கேட்டவுடன் ராகம் சொல்ல என்ன வழி?

பதில்: ஒரு மாதத்துக்கு ஒரே ராகம், அதில் ஒரு வர்ணம் (ராகத்தின் பிடிகள், அதாவது அதற்கே உரிய ஸ்வரச் சேர்க்கைகள், அடங்கிய பயிற்சிப் பாடல்). பைரவி என்றால் பச்சிமிரியம் ஆதியப்பையர், 'அட' என்ற தாளத்தில் அமைத்த வர்ணத்தை முதலில் ஸ்வரமாகவே பாடுங்கள். ஏறும்போது சதுச்ருதி தைவதம் (உயர்ந்த 'த'), இறங்கும்போது சுத்த தைவதம் (தாழ்ந்த 'த') என்பதைப் புத்தகத்தில் படித்தால் மறக்கும். 'பதநிஸ' என்று ஏறி 'நிதபம' என்று நூறு தடவை இறங்கினால் காது பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: ஆலாபனை (பாட்டு வரி இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) எப்போது தொடங்கலாம்?

பதில்: வர்ணம் தண்ணீர்பட்ட பாடாக வந்ததும். அதே பிடிகளைத் தாளமில்லாமல் 'ததரின' என்று பாடுங்கள். அரை நிமிடத்தில் சரக்கு தீர்ந்துபோகும். தீர்ந்ததும் நிறுத்திவிடுங்கள், ஸ்வர வரிசையை வைத்து ஒப்பேற்ற வேண்டாம்.