ஆங்கிலத்தில் "அன்" சேர்ந்தால் எப்போதும் "இல்லை" என்றுதான் பொருளா?

கிடையாது. "அன்" என்ற முன்னொட்டு ஆங்கிலத்தில் ஒன்றல்ல, இரண்டு. எழுத்தும் ஒலியும் ஒன்று. பிறப்பும் வேலையும் வேறு.

ஒன்று பெயரடையோடு சேரும்: ஹாப்பி, அன்ஹாப்பி, ஃபேர், அன்ஃபேர். இதற்கு "அல்லாத" என்று பொருள். அநீதி, அசுத்தம் ஆகியவற்றில் வரும் வடமொழி "அ" இதற்கு உறவு. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. இது பெரும்பாலும் நல்ல பொருள் தரும் சொல்லோடுதான் சேரும். அன்கைண்ட் உண்டு, "அன்க்ரூயல்" வழக்கில் இல்லை.

மற்றது வினையோடு சேரும்: டை, அன்டை, பேக், அன்பேக். இங்கே "இல்லை" என்ற பொருளே வராது. செய்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் பொருள். தமிழில் இதற்கு ஒட்டு இல்லை, தனி வினைகளே இருக்கின்றன: கட்டு, அவிழ், பூட்டு, திற, மடி, விரி. அதனால்தான் "அன்டை" என்பதைப் பார்த்ததும் பலர் "கட்டாதே" என்று புரிந்துகொள்கிறார்கள். அது "அவிழ்". மீட்கக்கூடிய செயல்களில்தான் இந்த ஒட்டு நிற்கும். சாப்பிட்டதை மீட்க முடியாது, ஆகவே "அன்ஈட்" என்று யாரும் சொல்வதில்லை. "சாப்பிடவில்லை" என்பதற்கு "டிட் நாட் ஈட்" போல "நாட்" சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டும் மோதும் இடம் கவனிக்க வேண்டியது. "அன்லாக்டு டோர்" என்றால் பூட்டாத கதவாகவும் இருக்கலாம், பூட்டைத் திறந்துவிட்ட கதவாகவும் இருக்கலாம். "அன்லாக்கபிள்" இன்னும் மோசம். "அன்லாக்" முதலில் சேர்ந்து பிறகு "ஏபிள்" வந்தால் திறக்கக்கூடியது. "லாக்கபிள்" முதலில் அமைந்து முன்னால் "அன்" வந்தால் பூட்டவே முடியாதது. செய்முறைக் குறிப்பு எழுதுபவர்கள் இந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம். "கேன் பி அன்லாக்டு" அல்லது "கேனாட் பி லாக்டு" என்று விரித்து எழுதுங்கள்.

அடுத்த தொல்லை "அன்"னா, "இன்"னா என்பது. முழு விதி இல்லை, மனப்பாடம்தான். ஆனாலும் ஒரு பிடி உண்டு: வினையிலிருந்து வந்து "டு" ஒலியில் முடியும் சொற்கள் பெரும்பாலும் "அன்" பக்கம். செரிக்க முடியாத பண்டம் இன்டைஜெஸ்டிபிள், இன்னும் செரிக்கப்படாதது அன்டைஜெஸ்டட். இன்எக்ஸ்பீரியன்ஸ்டு போன்ற விலக்குகள் இருக்கின்றன. சில சொற்களில் பெயரடை "அன்" எடுத்தாலும் அதன் பெயர்ச்சொல் "இன்" எடுப்பதையும் பாருங்கள்: அன்ஏபிள், இனெபிலிட்டி, அன்ஜஸ்ட், இன்ஜஸ்டிஸ். இவற்றை இணையாகவே படித்துவிடுவது நல்லது.

எழுத்துப்பிழைக்கு ஒரே சோதனை, ஒட்டை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். "நெசசரி" "என்" எழுத்தில் தொடங்குவதால் "அன்னெசசரி"யில் இரண்டு "என்" வரும், அன்ஏபிளில் ஒன்றே. "அங்கிள்", "அன்டர்" ஆகியவற்றில் மிச்சம் தனிச்சொல்லாக நிற்காது, அங்கே முன்னொட்டே இல்லை.