ஆளில்லாமல் நிற்கும் பேய், அழுகாத பூசணி: ஹாலோவீன் கேள்வி–பதில்

கேள்வி: பழைய படுக்கை விரிப்பைப் பசையில் நனைத்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் தானாக நிற்கும் பேய் செய்து பார்த்தோம். காய்ந்தபின் உள்ளிருந்த பாட்டிலை எடுத்ததும் துணி சரிந்து உட்கார்ந்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: துணியில்தான். படுக்கை விரிப்பு நெருக்கமாக நெய்தது. பசை மேலே படியும், இழைக்குள் சரியாக இறங்காது. போதாக்குறைக்குத் துணியே கனம். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணிபோலக் கண் கண்ணாக இருக்கும் மெல்லிய பருத்தித் துணிதான் இதற்குத் தோது.

1 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி நிறுத்துங்கள். அதன் வாயில், தலை அளவுக்கு ஊதிய பலூனை டேப்பால் ஒட்டுங்கள். கட்டுக்கம்பியைப் பாட்டிலின் கழுத்தில் ஒரு சுற்று சுற்றி, இரு முனைகளையும் கைபோல நீட்டிவிடுங்கள். எல்லாவற்றின் மேலும் மெல்லிய பாலித்தீன் தாளைப் போர்த்துங்கள். இதைத் தவறவிட்டால் பேயும் பாட்டிலும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும்.

மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை 200 மில்லி, தண்ணீர் 200 மில்லி. பணத்தை மிச்சம் பிடிக்கத் தண்ணீரைக் கூட்ட வேண்டாம். பேய்கள் கவிழ்வதற்கு அடுத்த காரணம் அதுதான். 1 மீட்டர் சதுரத் துணி இரண்டு எடுத்து, நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து ஒவ்வொன்றாகப் போர்த்துங்கள். இரண்டாவது துணியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் மூலைகள் வேறு வேறு இடத்தில் விழும், மடிப்புகள் நன்றாக வரும். துணியின் அடி ஒரு விரல் நீளமாவது தரையில் பரவிக் கிடக்க வேண்டும். பேயின் கால் அதுதான்; அது இல்லாமல் நிற்காது.

ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள், காற்றில் ஈரம் இருந்தால் இரண்டு நாள். பிறகு பலூனின் முடிச்சருகே சிறு ஓட்டை போட்டு, காற்றை மெதுவாக விட்டு, உள்ளே இருப்பதை உருவுங்கள். கண்களைக் கடைசியில் கறுப்புத் தாளில் வெட்டி ஒட்டலாம். கூரைக்கு அடியில் மட்டும் வையுங்கள். இந்தப் பசை பனி ஈரத்திலேயே இளகும். பசைக்குப் பதில் சோளமாவுக் கஞ்சியும் விறைப்பைத் தரும், செலவும் குறைவு. ஆனால் எறும்பு வரும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஒரு வாரத்துக்கு மட்டும் என்றால் சரி.

கேள்வி: தெர்மாகோலில் கல்லறைக் கல் வெட்டி, சாம்பல் நிற ஸ்ப்ரே அடித்தோம். அரித்துத் தின்றதுபோல் பள்ளம் பள்ளமாகிவிட்டது.

பதில்: ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடும். எந்த நிறம், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் பொருட்டில்லை. தண்ணீரில் கரையும் எமல்ஷன் அல்லது அக்ரிலிக் பெயின்ட்தான் பாதுகாப்பு. (கெட்டுப்போன கல்லைத் தூக்கிப் போடாதீர்கள். மழையில் அரித்த பழைய கல் வேண்டுமென்று சிலர் தூரத்தில் நின்று வேண்டுமென்றே லேசாக ஸ்ப்ரே அடிப்பதுண்டு. திறந்தவெளியில் மட்டும் செய்ய வேண்டிய வேலை அது.)

5 செ.மீ. தடிமனுள்ள பலகையை 60 × 40 செ.மீ. அளவில் வெட்டுங்கள். கத்தி அலகில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டால் மணி மணியாக உதிராது. சூடான கம்பியால் வெட்டினால் வெட்டு வழவழப்பாக இருக்கும்தான், ஆனால் அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. அறைக்குள் செய்யவே வேண்டாம். எழுத்துகளைப் பென்சிலின் மழுங்கிய முனையால் அரை செ.மீ. ஆழம் அழுத்தினாலே போதும்.

நிறம் பூசுவதில்தான் கல் கல்லாகிறது. அடர் சாம்பல் நிறத்தில் கைப்பிடி மெல்லிய மணலைக் கலந்து முதல் பூச்சு. காய்ந்ததும் நீர்த்த கறுப்பை எழுத்துப் பள்ளங்களில் ஓடவிட்டு, மேற்பரப்பைத் துணியால் துடையுங்கள். கடைசியாகத் தூரிகையில் வெளிர் சாம்பலைத் தொட்டு, செய்தித்தாளில் தேய்த்து, ஏறக்குறைய வறண்டபின் கல்லின் விளிம்புகளில் மட்டும் உரசுங்கள். முழுக்க ஒரே சாம்பல் பூசியதை எவ்வளவு அழகாக வெட்டியிருந்தாலும் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அட்டைதான்.

நிறுத்த, 60 செ.மீ. மூங்கில் குச்சிகள் இரண்டைப் பின்பக்கம் வெள்ளைப் பசையும் டேப்பும் வைத்து ஒட்டி, பாதியை மண்ணில் இறக்குங்கள். குளூ கன்னைச் சூடாகப் பிடித்தால் தெர்மாகோல் உருகிக் குழி விழும். குச்சியில்லாமல் சும்மா நிறுத்திய கல், முதல் காற்றுக்கே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

கேள்வி: செடிகளின் மேல் இழுத்துவிடும் பஞ்சுச் சிலந்தி வலை போடலாமா?

பதில்: வீட்டுக்குள் போடலாம், வெளியே வேண்டாம். அந்த இழைகளில் சிறு பறவைகளும் பூச்சிகளும் சிக்கிக்கொள்ளும். கழற்றி எடுப்பதும் பெரும்பாடு.

வெளியே மாட்டக் கறுப்புக் குப்பைப் பையே போதும். பையைப் பிரித்து 60 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, நடுப்புள்ளி எப்போதும் கூர்முனையாக இருக்கும்படி இன்னும் மூன்று முறை பாதியாக மடியுங்கள். பிளாஸ்டிக் வழுக்கும் என்பதால் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தை உள்வளைவாக வெட்டுங்கள். பிறகு ஒரு பக்க விளிம்பிலிருந்து மறுபக்கம் நோக்கி 3 செ.மீ. அகல வளைந்த ஜன்னல்களை வெட்டி எடுங்கள். ஜன்னலுக்கு ஜன்னல் 1 செ.மீ. பட்டை இருக்கட்டும். மறுபக்க விளிம்பில் 1 செ.மீ. வெட்டாமல் நிற்க வேண்டும். அந்த விளிம்புதான் விரித்தபின் வலையின் எட்டுக் கால்களாகும். அதையும் வெட்டிவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் வளையங்கள்.

கேள்வி: ஒரே ஒரு அலங்காரம்தான் செய்ய முடியும், செலவும் கூடாது. எதைச் செய்வது?

பதில்: தெருவைப் பார்த்த ஜன்னல். கறுப்பு சார்ட் பேப்பரில் உருவம் வெட்டிக் கண்ணாடியின் உட்புறம் ஒட்டுங்கள். அதற்குப் பின்னால், அறைப் பக்கமாக, ஜன்னல் முழுவதும் பட்டர் பேப்பரை ஒட்டுங்கள். ஒரு மீட்டர் தள்ளி எல்.இ.டி. விளக்கைத் தரையில் வைத்து மேல்நோக்கித் திருப்புங்கள். விளக்கு நெருங்கிவிட்டால் நடுவில் வெள்ளை வட்டம் தெரிந்து காட்சி கெடும். விரல், நகம் போன்றவற்றை 1 செ.மீ.க்குக் குறையாமல் வெட்டுங்கள். அதைவிட மெல்லியது தெருவிலிருந்து தெரியாது.

வாசல் விளக்கை அணைக்க மறக்காதீர்கள். நூறு பொருள் வாங்கி அடுக்கிவிட்டு வாசலில் பளீரென்று விளக்கெரிந்தால் எல்லாமே பொம்மையாகத் தெரியும். வெளிச்சம் கீழிருந்து வந்தால் சாதாரண முகம்கூட வேறாகிவிடும், ஏனென்றால் நம் கண்ணுக்கு மேலிருந்து விழும் நிழல்தான் பழக்கம்.

கேள்வி: செதுக்கிய பூசணி நாலே நாளில் பூஞ்சை பிடித்துவிட்டது. பூசணி இல்லாமல் செய்ய வழி உண்டா?

பதில்: செதுக்கியதும் பூசணி அழுகத் தொடங்குகிறது, அதை முழுக்கத் தடுக்க முடியாது. ஹாலோவீன் அக்டோபர் 31 அன்று வருவதால், 29-க்கு முன் செதுக்காதீர்கள். உள்ளே நார் மிச்சமில்லாமல் சுரண்டி, முகப் பக்கச் சுவரை 2.5 செ.மீ. தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ளீச் கலந்து கழுவி, நன்றாக உலர்த்துங்கள். மூடியைச் சாய்வாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் உள்ளே விழும். ஒடிந்த பல்லைப் பல்குத்தும் குச்சியால் குத்தி நிறுத்தலாம். வெயிலில் வைக்கக் கூடாது.

இன்னொரு வழி காகிதக்கூழ். பலூனை ஊதி, நூலால் ஆரஞ்சுச் சுளைபோல ஆறெட்டு இடத்தில் இறுக்கிக் கட்டினால் பூசணியின் வரிகள் வந்துவிடும். ஒரு கப் மைதா, இரண்டு கப் தண்ணீர், ஒரு கரண்டி உப்பு. இந்தக் கூழில் செய்தித்தாள் துண்டுகளை நனைத்து ஒட்டுங்கள். ஒரு நாளில் மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். வெளியே காய்ந்து உள்ளே ஈரம் தங்கினால் இதற்கும் பூஞ்சைதான். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முதலில் செதுக்கியது டர்னிப் கிழங்கைத்தான், ஆகவே பூசணி இல்லையே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

கேள்வி: காகிதக்கூழ் பூசணிக்குள் மெழுகுவத்தி வைக்கலாமா?

பதில்: காகிதத்துக்குள்ளோ துணிப் பேய்க்குப் பக்கத்திலோ கூடவே கூடாது. பேட்டரியில் எரியும் சிறு எல்.இ.டி. விளக்கு வையுங்கள்.

கேள்வி: சுவரில் ஒட்டிய காகித வௌவால்கள் இரவோடு இரவாக விழுகின்றன. இரட்டைப் பக்க டேப் போட்டால் பெயின்ட் உரிகிறது.

பதில்: சுவரிலுள்ள தூசியை உலர்ந்த துணியால் துடையுங்கள். மாஸ்கிங் டேப்பைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, வௌவாலின் உடலில் மட்டும் வையுங்கள். இறக்கைகளை ஒட்டாமல் முன்னோக்கி மடித்துவிட்டால் நிழலும் விழும். 8, 12, 18 செ.மீ. என மூன்று அளவில் முப்பது வெட்டி, ஒரு மூலையில் நெருக்கமாகத் தொடங்கிப் போகப் போகச் சிதறவிடுங்கள். வெளிச்சுவராக இருந்தால் காகிதம் பனியில் சுருளும். பழைய கறுப்பு பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் வெட்டுங்கள்.