தூக்க வேண்டாம் என்றார்கள், கட்டிப்போடச் சொல்லவில்லை

கேள்வி: எனக்கு வயது 61. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 34 வரை இறங்கி, கோயில் பிராகாரத்திலேயே மயங்கி விழுந்துவிட்டேன். ஹார்ட் பிளாக், அதாவது இதயத்துக்குள் துடிப்பைக் கடத்தும் மின்வழி தடைபட்டிருக்கிறது என்று சொல்லி, துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை இடது பக்கம் வைத்தார்கள். இன்றோடு 23 நாள் ஆகிறது. தையல் போட்ட இடத்தில் அவ்வப்போது சுருக் சுருக்கென்கிறது. அதைப் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வாரமாகத் தோளும் கழுத்தும் கடுக்கின்றன, இரவில் தூக்கமே இல்லை. கையைத் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதால், துண்டில் தூளி கட்டி நெஞ்சோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். வலி மாத்திரை இதயத்துக்கு ஆகாது என்று பயந்து நான்காம் நாளே நிறுத்திவிட்டேன். ரத்தம் உறையாமல் இருக்கவும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். தைலம் போட்டு நீவினால் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. 'சின்ன ஆபரேஷன்தானே, இன்னுமா வலிக்கிறது?' என்கிறார்கள் வீட்டில். கருவி உள்ளே நகர்ந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.
பெயர் வேண்டாம், கும்பகோணம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு சொற்களுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டேன். தையலில் 'சுருக்' என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், தோள் 'கடுக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். இருதய வார்டில் 28 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். 'வலிக்குது' என்று மட்டும் சொல்கிறவரிடம் நாங்கள் பத்துக் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். சுருக்கென்கிறதா, கடுக்கிறதா, எரிகிறதா, விண் விண் என்று தெறிக்கிறதா என்று சொல்லத் தெரிந்தவர் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுவார். நீங்கள் அதைச் செய்திருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு தூரத்தில் இருந்தும் தைரியமாகப் பதில் எழுத முடிகிறது.

முதலில் அந்த 'சின்ன ஆபரேஷன்' விஷயத்தைப் பேசிவிடுவோம், அது உங்களை உள்ளுக்குள் அறுக்கிறது என்று தெரிகிறது. மயக்க மருந்து கொடுத்து நெஞ்சைப் பிளக்கவில்லை, மரத்துப்போகும் ஊசி போட்டே முடித்துவிட்டார்கள், உண்மைதான். ஆனால் என்ன செய்தார்கள்? காறை எலும்புக்குக் கீழே தோலைக் கீறி, தோலுக்கும் தசைக்கும் நடுவே விரலை விட்டுப் பிரித்து, ஒரு சின்னப் பை போல இடம் உண்டாக்கினார்கள். ரத்தக் குழாய் வழியாக ஒயரை இதயத்துக்குள் இறக்கினார்கள். சுமார் 25, 30 கிராம் எடையுள்ள பெட்டியை அந்தப் பைக்குள் வைத்துத் தைத்தார்கள். டாக்டருக்கு அது தினசரி வேலை. உங்கள் உடம்புக்கு வாழ்நாளில் ஒரு தடவை நடப்பது. அந்த இடம் சில வாரம் முனகத்தான் செய்யும். நான்கு வருடத்துக்கு முன் எனக்கும் பேஸ்மேக்கர் வைத்தார்கள். எத்தனையோ பேருக்கு 'சரியாப் போயிடும்மா' என்று சொன்ன எனக்கு, முதல் வாரம் படுக்கையில் திரும்பிப் படுக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்தப் பத்தியை வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுங்கள்.

தையலில் வரும் 'சுருக்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீறிய இடத்தில் தோலின் சின்னச் சின்ன நரம்புகள் அறுபட்டிருக்கும். அவை ஆறும்போது சுருக்கென்கும், அரிக்கும், சிலருக்குச் சுற்றிலும் மரத்துப்போன மாதிரி இருக்கும். எனக்கு ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இன்னும் தொட்டால் உணர்ச்சி குறைவுதான். மார்பு வரை கருநீலமாக இறங்கியிருந்தாலும் அது மஞ்சளாகி மறைந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

இப்போது தோளுக்கு வருகிறேன். உங்கள் கஷ்டத்தில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 23 நாளாகக் கையைத் துண்டில் கட்டி நெஞ்சோடு வைத்திருக்கிறீர்கள். காயமே இல்லாத ஒருவரின் கையை மூன்று வாரம் அப்படிக் கட்டி வைத்தாலும் தோள் கடுக்கும். மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு இறுகும், தூளியின் பாரம் முழுவதையும் கழுத்துத் தசை சுமக்கும். நாள் போகப் போக ஃப்ரோசன் ஷோல்டர் என்று சொல்கிற நிலைக்குப் போய்விட்டால், அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குத் தோள் பிடித்துக்கொள்வது அபூர்வம் இல்லை. பயந்து கையை அசைக்காமல் இருந்தவர்களிடம்தான் நான் அதை அதிகம் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் 'கையைத் தூக்காதீர்கள்' என்று சொன்னதன் பொருள் வேறு. ஒயரின் நுனி சின்னத் திருகாலோ கொக்கி போன்ற அமைப்பாலோ இதயச் சுவரில் பிடித்திருக்கிறது. அதைச் சுற்றிச் சதை வளர்ந்து பிடிப்பு உறுதியாகச் சில வாரம் ஆகும். அதுவரை, பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம், முழங்கை தோள் உயரத்துக்கு மேலே போகக் கூடாது. பரணில் இருந்து பாத்திரம் எடுப்பது, கொடியில் புடவை உலர்த்துவது, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பது, நிறைந்த வாளியைத் தூக்குவது, ரவிக்கையின் பின்பக்கக் கொக்கிக்காகக் கையை முதுகுக்குப் பின்னால் வளைப்பது எல்லாம் வேண்டாம். அதற்குக் கீழே உள்ளது அத்தனையும் கைக்கு நல்லது. சாப்பிடலாம், முகம் கழுவலாம், துணி மடிக்கலாம், கீரை ஆயலாம், பூ கட்டலாம். ஒயரை வைக்கும்போதே உள்ளே கொஞ்சம் தளர்வாக, வளைவு விட்டுத்தான் வைப்பார்கள். நீங்கள் கீரை ஆய்ந்தால் அது பிடுங்கிக்கொண்டு வராது.

நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, 'இத்தனை நாளாகக் கையைக் கட்டியே வைத்திருக்கிறேன், தோள் கடுக்கிறது, அவிழ்த்து அசைக்கலாமா?' என்று இதே வார்த்தையில் கேளுங்கள். உங்களுக்கு ஒயர் வைத்தவர்கள் சொல்வதே கடைசி வார்த்தை. சரி என்றார்கள் என்றால் இப்படி ஆரம்பியுங்கள்: மேஜையில் வலது கையை ஊன்றி லேசாக முன்னால் குனியுங்கள். இடது கை கிணற்றுக் கயிறு போலத் தளர்ந்து தொங்கட்டும். உடம்பை மெல்ல ஆட்டினால் கை தானாக ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும். நீங்களாக ஆட்ட வேண்டாம். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அப்புறம் உட்கார்ந்துகொண்டு முழங்கையை மடக்கி நீட்டுங்கள், விரலை மூடித் திறங்கள், தோள்பட்டையைக் காதுப் பக்கம் லேசாக ஏற்றி இறக்குங்கள். முதல் இரண்டு நாள் இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்பு தாங்கக்கூடியதாக இருந்தால் சரி, சுளீர் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மாத்திரை. நான்காம் நாளே நிறுத்தினேன் என்று படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. மூன்று வாரம் வேண்டாத வலியைத் தாங்கியிருக்கிறீர்கள். சாதாரண பாரசிட்டமால், அதுதான் டோலோ, கால்பால் என்று கடையில் வாங்குகிறோமே, அது கருவியையும் ஒன்றும் செய்யாது, சொன்ன அளவில் சாப்பிட்டால் இதயத்தையும் கெடுக்காது. 500 அல்லது 650 மில்லிகிராம், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் ஆறு மணி நேரம். கல்லீரலில் கோளாறு இருந்தாலோ உடல் எடை குறைவாக இருந்தாலோ டாக்டரிடம் கேட்டு இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். சளி மாத்திரைக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கும், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடாதீர்கள். வலி உச்சிக்கு ஏறும்வரை காத்திருக்காமல் படுப்பதற்கு அரை மணி முன்னால் ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று நாளைய போனிலேயே கேட்டுவிடுங்கள். பயப்பட வேண்டியது வேறு வகை மாத்திரைக்கு. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை ரத்தம் உறையாத மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். மெடிக்கல் ஷாப்பில் 'கை வலிக்கு ஒண்ணு கொடுங்க' என்று கேட்டால் பெரும்பாலும் இந்த வகையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ரத்தம் உறையாத மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பக்கத்து வீட்டு அக்காவின் அன்பு புரிகிறது. ஆனால் தைலம் போட்டு நீவுவது கண்டிப்பாக வேண்டாம். பை இன்னும் இறுகவில்லை, அழுத்தித் தேய்த்தால் பெட்டி புரளலாம், காயம் பிரியலாம். சூடு ஒத்தடமும் அந்த இடத்தில் கூடாது. வீக்கம் இருந்தால் ஊசி குத்தி எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், கிருமி உள்ளே போக அதைவிட நேர் வழி இல்லை. எனக்கு நடந்த ஒன்றையும் சொல்கிறேன். தோள் வலிக்கு ஓர் இடத்தில் பிசியோதெரபிக்குப் போனேன். அங்கிருந்த பெண் எதுவும் கேட்காமல் கரண்ட் வைக்கும் பட்டையை எடுத்து என் தோளில் ஒட்டப்போனார். நான் ரவிக்கையை விலக்கித் தழும்பைக் காட்டிய பிறகுதான் கையை இழுத்துக்கொண்டார். கரண்ட் ட்ரீட்மென்ட், டயாதெர்மி என்கிற சூட்டு மெஷின், காந்தப் பட்டை இவை எதுவும் நமக்கு ஆகாது. உடற்பயிற்சி மட்டும் போதும். எங்கே போனாலும் உள்ளே நுழைந்ததும் பேஸ்மேக்கர் கார்டைக் காட்டுங்கள்.

இரவுக்கு வருவோம். இரண்டு தலையணை வைத்துச் சற்றுச் சாய்ந்து மல்லாந்து படுங்கள். இடது முன்கைக்குக் கீழே ஒரு மெத்தென்ற தலையணை, முழங்கை அந்தரத்தில் தொங்கக் கூடாது. கழுத்துக் கடுப்பு அதிலேயே பாதி குறையும். மல்லாந்து படுத்துத் தூக்கம் வராதவர்கள் வலது பக்கம் திரும்பி, நெஞ்சுக்கு முன்னால் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு, அதன் மேல் இடது கையைப் போட்டுக்கொள்ளலாம். பகலில் முந்தானையைக் கொஞ்ச நாள் வலது தோளில் போடுங்கள், குஜராத்திப் பெண்கள் கட்டுவது போல. நாம் முந்தானையைப் போடுவதும் ஊக்குக் குத்துவதும் சரியாக அந்தத் தையலுக்குப் பக்கத்தில்தான். நான் இதைக் கண்டுபிடிக்கப் பத்து நாள் ஆனது. ஊக்கு உராய்ந்த இடம் தனியாக எரிந்துகொண்டிருந்தது, நான் கருவியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். உள்ளாடைப் பட்டைக்குக் கீழே மடித்த மல் துணி. காரில் பெல்ட் போடும்போது ஒரு கைத்துண்டு.

கருவி நகர்ந்துவிட்டதோ என்று கேட்டீர்கள். நகர்ந்தால் அது பெரும்பாலும் தோள் கடுப்பாகத் தெரியாது. பழைய தலைசுற்றலும் கண் இருட்டலும் திரும்ப வரலாம், மூச்சு வாங்கலாம். அல்லது விக்கல் நிற்காமல் வரலாம், வயிறோ மார்புத் தசையோ தாளம் போட்டது போலத் துடிக்கலாம். உங்கள் கருவியில் குறைந்தபட்சத் துடிப்பு எந்த எண்ணில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டுக் கார்டின் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள். பயம் வரும்போது மணிக்கட்டில் விரல் வைத்து, துடிப்பு அந்த எண்ணுக்குக் கீழே இறங்காமல் இருக்கிறதா என்று ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். நடு இரவில் அந்த எண் கொடுக்கும் தெம்பை நான் அனுபவித்தவள்.

கருவி நகர்ந்ததற்கு மேலே சொன்ன அறிகுறிகளில் எது தெரிந்தாலும், அல்லது தையல் சிவந்து சூடாகி விண் விண் என்று தெறித்தால், நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால், பை திடீரென்று உப்பினால், இடது கை முழுவதும் வீங்கினால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, மயக்கம் வந்தாலோ 108. விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

இன்னொன்று. உலகத்தில் முதன்முதலில் உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன். 1958 அக்டோபர் 8 அன்று, ஸ்டாக்ஹோமில், அவருக்கு 43 வயது. முதல் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. வாழ்நாளில் மொத்தம் 26 கருவிகள் மாற்றி, 2001-ல் 86 வயதில் இறந்தார், அதுவும் இதய நோயால் அல்ல. ஒவ்வொரு தடவையும் அவருக்கும் தையல் சுருக்கென்றுதான் இருந்திருக்கும். வார்டில் அழுத பலருக்கு இவர் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

நாளைக்கு போன் செய்துவிட்டு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துத் தோளுக்கு எந்தச் சொல் பொருந்துகிறது என்றும் எழுதுங்கள், இன்னும் 'கடுப்பு'தானா, இல்லை 'இழுப்பு' என்று இறங்கியிருக்கிறதா. காத்திருப்பேன்.