யாரும் உட்காராத கம்ப்யூட்டர்

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்களுக்கு ரைஸ் மில். ஆபீசில் ஆறு கம்ப்யூட்டர், கணக்குக்குப் பலர் சேர்ந்து பயன்படுத்தும் டேலி கோல்டு சாஃப்ட்வேர். டேட்டா முழுக்கக் கணக்கரின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மற்றவர்கள் ஷேரிங்கில் எடுக்கிறோம். அவர் அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் எடைமேடையில் லாரி நிற்கிறது, பில் போட முடியவில்லை. சர்வர் வாங்கலாமா?
– ஒரு வாசகர்

பதில்: ஆறு பேருக்கு சர்வர் வேண்டாம். கும்பகோணத்தில் கேபிள் இழுத்துப் பிழைப்பவன் நான். சர்வர் விற்றால் எனக்கும் நாலு காசு கிடைக்கும். இருந்தாலும் சொல்கிறேன்.

ஏழாவதாக ஒரு சாதாரண கம்ப்யூட்டர் வாங்கி டேட்டாவை அதற்கு மாற்றுங்கள். அதில் யாரும் உட்காரக் கூடாது. டேலி லைசென்ஸையும் கணக்கரின் கம்ப்யூட்டரில் சரண்டர் செய்து (அதாவது விடுவித்து) இதில் ஆக்டிவேட் செய்துவிடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; டேட்டா இங்கே, லைசென்ஸ் அங்கே என்று இருந்தால், அவர் அணைத்ததும் எல்லாரும் எஜுகேஷன் மோடில், அதாவது பழகிப் பார்க்க மட்டும் உதவும் நிலையில், நிற்பீர்கள்.

ஸ்லீப் மோடை நிறுத்துங்கள். வைஃபை கூடாது, கேபிள்தான். பதிவு ஏறும்போது இணைப்பு அறுந்தால் டேட்டாவே கெட்டுப்போகலாம். கேபிள்கள் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச்; பழைய 100 எம்பிபிஎஸ் சுவிட்சில் நொடிக்கு 12 எம்பி போனாலே அதிகம், பத்து மடங்கு வேகமான கிகாபிட்டுக்கு மாறுங்கள். விண்டோஸ் 10, 11 ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரை ஏற்கும், உங்களுக்குத் தாராளம். ஆள் கூடி, யார் எதைப் பார்க்கலாம் என்று பிரிக்க வேண்டி வந்தால் சர்வர் பற்றி யோசிப்போம். சர்வரில் எல்லாருடைய பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம்; ஒருவர் வேலையை விட்டுப் போனால் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகப் போய் பாஸ்வேர்டு மாற்றும் தொல்லை அப்போது இருக்காது.

அப்புறம், வைக்கும் இடம். திருவாரூர் பக்கம் ஒரு மில்லில், மத்தியானமானால் கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடுகிறது என்று கூப்பிட்டார்கள். திறந்தால், ஃபேன் இறக்கை தெரியாத அளவுக்குத் தவிடு. நெல் அவிக்கும் ஆவியில் ஊறி அடை மாதிரி இறுகியிருந்தது. ஸ்பூனால் சுரண்டி எடுத்தேன். அங்கேயும் சர்வர் வாங்கத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள்! அதனால் அவியல் தொட்டிப் பக்கம் வேண்டாம், உள்ளறையில் வையுங்கள். யுபிஎஸ் கட்டாயம்.

2018 கஜா புயலில் கூரை போய் நனைந்த கம்ப்யூட்டர்களை நான் நிறையப் பார்த்தேன். டேட்டா தப்பியது, ஹார்ட் டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப் போனவர்களுக்குத்தான். சனிக்கிழமைதோறும் பேக்கப் எடுங்கள். இரண்டு டிஸ்க், மாற்றி மாற்றி. எடுத்துப் போவது நீங்களாகவே இருக்கட்டும். கணக்கரிடம் கொடுத்தால் அதில் சினிமா ஏற்றிவிடுவார்.